காரியம் முடிந்த பிறகு வந்தவன்

வேலு,

உன் நைனா சொல்லச் சொல்ல, உன் பெண்டாட்டி மலர் எழுதுகிற கடிதம் இது. தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், பூத்துக்காரன் கண்ணாடியைத் தட்டுவான். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. எனக்கு எழுத்து தெரியாததால் நான் வாயால் சொல்வதை மலர் புத்தகத் தமிழில் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறாள். "நீங்க பேசுறத அப்படியே எழுதுனா மடத்துல படிச்சிட்டு சிரிப்பாங்க மாமா" என்கிறாள். சரி, என் பேச்சைத் திருத்திக்கொள், ஆனால் மற்றவர்கள் பேசினதை அவர்கள் பேசினபடியே போடு, செத்துப்போனவர்கள் வாயில் வேறு தமிழைத் திணிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டிருப்பது என்ன என்பதை முதலில் நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வருகிற பௌர்ணமியன்று நீ காவி வாங்கப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்கு நீயே காரியம் செய்துகொள்ள வேண்டும். தலையை மழித்து, உன் பேருக்கு நீயே பிண்டம் வைத்து, வேலு செத்தான் என்று ஆற்றில் முழுகி எழுந்தால், மலையடிவாரத்து மடத்துப் பெரிய சாமி உனக்கு வேறு பெயர் வைப்பார். அதன் பிறகு நீ எனக்கு மகன் இல்லை, மலருக்குப் புருஷன் இல்லை, பாப்பாவுக்கு அப்பா இல்லை. பெற்றவனும் கட்டினவளும் வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் இதைச் செய்வேன் என்று பெரிய சாமி சொல்லிவிட்டாராம். அந்த மட்டுக்கும் அவர் நியாயமானவர். நீ மலரைக் கேட்டாய். அவள் "மாமா சொல்றதுதான்" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். ஆக, உன் சாவுக்குச் சரி சொல்ல வேண்டியவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். பதிலை இப்போதே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய், அதனால் கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் நீ வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், வேலை முடிந்து வந்தால் நம் குடிசை மாற்று வாரிய வீட்டு மாடிப்படி முழுக்க உன் குரல் கேட்கும். அன்றைக்கு நீ வந்து உட்கார்ந்ததே யாருக்கும் தெரியவில்லை. கீழே மீன் கூடையோடு நின்ற தேசம்மா மட்டும் பார்த்துவிட்டு, "இன்னா வேலு, சாமியாரா ஆய்ட்டியாமே! அப்ப நெத்திலி வேணாமா? உன் பங்கையும் உங்க நைனாவுக்கே போட்டுடறேன், கெயவன் நல்லா துன்னுவான்" என்றாள். பழைய வேலுவாக இருந்தால் அவளுக்கு வாயாலேயே ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாய். நீ கை கூப்பினாய். அவள் முகம் செத்துப்போயிற்று. அவ்வளவு நாள் என்னை "நீ" என்று கூப்பிட்டவன் அன்றைக்கு "நீங்க" என்றாய். மரியாதைதான். ஆனால் சம்பந்தியிடம் பேசுவது போல இருந்தது.

சாயங்காலம் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உன் மடியில் ஏறி, பாதியில் விட்ட கதையின் மீதியைச் சொல்லச் சொன்னாள். நீ அவள் தலையைத் தடவி, "அந்தக் கத சொன்னவரு போயிட்டாரும்மா" என்றாய். குழந்தைக்கு என்ன தெரியும்? சமையல் கட்டுக்கு ஓடிப்போய், "எங்கம்மா போனாரு? எப்ப வருவாரு?" என்று மலரைக் கேட்டது. அப்போதுதான் நான் உன்னிடம் வாய் திறந்தேன்.

"இன்னாடா இதெல்லாம்?"

"நீங்க தேடுற வேலு இல்ல நைனா. எப்பவுமே இருந்ததில்ல. கனவு கண்டுகினு இருந்தேன். முழிச்சிட்டேன். அவ்ளோதான்."

"அப்ப இத்தினி வருசம் வாய்ந்தது?"

"கனவுல ஏது நைனா வருசம்?"

"கனவுல துன்ன சோறெல்லாம் ஒடம்புல ஒட்டிகினு கீதேடா, அத இன்னா பண்ணப் போற?"

நீ சிரித்தாய். கோபச் சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குருடனைச் சாலை தாண்ட வைக்கிறவன் சிரிப்பானே, அப்படி இரக்கப்பட்டுச் சிரித்தாய். நைனாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நீ பார்த்தது பொய் என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ பார்த்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

நான் கடலில் காணாமல் போய் வந்த கதை உனக்குத் தெரியும். குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். காற்று வந்தது, கட்டுமரம் பிரிந்தது, உன் தாய்மாமன் ஆறுமுகம் போய்விட்டான், என்னைக் கப்பல்காரன் தூக்கினான், மாசக்கணக்கில் கழித்து வந்து உன் அம்மாவுக்கு மறுபடியும் தாலி கட்டினேன். இவ்வளவுதான் நீ கேட்டு வளர்ந்தது. நீ அப்போது பிறக்கவில்லை. நடுவில் எனக்கு என்ன ஆயிற்று என்பது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி உனக்குத் தெரியட்டும்.

அன்றைக்குக் காலையில் எனக்கும் உன் அம்மாவுக்கும் சண்டை. என்ன சண்டை என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு செம்புத் தவலையை யார் நசுக்கியது என்பதற்காக. நான் பதில் சொல்லாமல் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதுகுக்குப் பின்னால் அவள், "போ, அப்டியே போய்த் தொல!" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு. நானும் ஆறுமுகமும் கட்டுமரத்தைத் தள்ளினோம். மத்தியானத்துக்குள் மேல்காற்று பிடித்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று அது. துடுப்பு போடப் போடக் கரை தள்ளிப் போகும். கோயில் கோபுரம் மறைந்தது, பிறகு பனைமரங்கள் மறைந்தன. அடுத்த நாள் கயிறு அறுந்து கட்டுமரமே தனித்தனிக் கட்டையாகப் பிரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கட்டையில் வலைக்கயிற்றால் உடம்பைக் கட்டிக்கொண்டு மிதந்தோம்.

அதன் பிறகு நாள் கணக்கு விட்டுப்போயிற்று. நாக்கு வீங்கி வாய் மூடவில்லை. முதுகு வெயிலில் தோல் உரிந்து, அதில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்தது. கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் ஒரு விடியலில் கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அப்போது எனக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒருவன் நின்றுபோனான். மண்ணெண்ணெய் தீர்ந்து ஸ்டவ் அணைந்ததும் அதுவரை சத்தம் போட்டது ஸ்டவ்தான் என்று தெரியுமே, அப்படி. எரிச்சல் இருந்தது, எரிகிறவன் இல்லை. தண்ணீரும் வானமும் நானும் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பயம் துளிகூட இல்லை, வேலு. என் பெயரை நினைத்துப் பார்த்தேன், யாரோ ஒருவன் பெயர். குப்பம், வீடு, உன் அம்மா, நசுங்கின தவலை, எல்லாம் யாரோ சொல்லக் கேட்ட கதை. சிரித்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்ச தூரத்தில் ஆறுமுகம் கட்டையிலிருந்து நழுவினான். அவன் கை மேலே வந்தது, போனது. பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ என்று வரவில்லை. ஒரு அலை வந்து போனது போல இருந்தது.

கல்கத்தா போகிற சரக்குக் கப்பல் ஒன்று என்னைப் பார்த்துத் தூக்கிற்று. கப்பலில் பேர் கேட்டார்கள். சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இல்லை, சொல்ல வேண்டியது ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. கல்கத்தாவில் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்து, எழுந்து, துறைமுக வாசலில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டு இருந்துவிட்டேன். "மதராஸி" என்று கூப்பிடுவார்கள், போவேன். சாப்பாடு போடுவார்கள், சாப்பிடுவேன். நீ மடத்தில் பெரிய அண்டாக்களைத் தேய்க்கிறபோது நேரம் போவதே தெரியவில்லை, நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னாயே, அதே நிம்மதி. ஊர் என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருந்தது. அங்கே போக வேண்டும் என்று எழும்பவில்லை. கனவில் பார்த்த ஊருக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

ஒரு நாள் கிளாஸ் தட்டோடு ரோட்டைக் கடக்கும்போது மூட்டை தூக்கிக்கொண்டு வந்த ஒருவன் மேல் மோதிவிட்டேன். அவன் கத்தினான்: "டேய் கஸ்மாலம்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "எவன்டா கஸ்மாலம்? நீதான்டா வந்து மோதுன, பேமானி!"

அவன் மூட்டையை அப்படியே கீழே போட்டான். "அடப்பாவி, நம்ம ஊரு! எந்தப் பக்கம் நைனா நீ?"

"திருவொத்தியூரு."

"நான் ராயபுரம். இங்க இன்னா பண்ணினு கீற? பொண்டாட்டி புள்ளைங்கோ இல்லியா?"

"பொண்டாட்டி கீறா."

"நீ இங்க கீறது அதுக்குத் தெரியுமா?"

வேலு, இந்தக் கேள்வியை நீ நிதானமாகப் படி. அவன் படித்தவன் இல்லை, சாமியார் இல்லை, சரக்குக் கப்பலில் கூலி. தெரியுமா என்று சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத் தட்டு நழுவி கிளாஸெல்லாம் உடைந்தது. எனக்கு எல்லாம் அமைதியாக இருந்த அந்த மாதங்களில், அங்கே ஒருத்திக்கு ஒவ்வொரு நாளும் விடிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. நான் முழித்துக்கொண்டேன் என்று நினைத்த நேரத்தில்தான் அவள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அவன்தான் என்னைத் தன் கப்பலில் மெட்ராஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான்.

கரைக்கு வந்தால் எனக்குக் காரியம் முடிந்திருந்தது. உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்வது போல வைக்கோலில் ஆள் செய்து, என் வேட்டியைக் கட்டி, கரையில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்று, ஆறுமுகத்துக்கு ஒன்று. உன் அம்மாவின் தாலியை அறுத்துக் கடலில் போட்டுவிட்டார்கள். என்னை முதலில் பார்த்த பொம்பிளை கருவாட்டுக் கூடையைப் போட்டுவிட்டுப் பேய் பேய் என்று ஓடினாள். குப்பத்துத் தலைவர், பெரியதனக்காரர், வந்து தூரத்திலேயே நின்று, "அப்டியே நில்லு. வூட்டுப் பக்கம் போவாத" என்றார். காரியம் ஆனவன் அப்படியே வீட்டுக்குள் போகக் கூடாது, குப்பத்துக்கு ஆகாது. அவன் மறுபடியும் பிறக்க வேண்டும். தலையை மழித்து, ஈரப் புடவையைத் தொட்டில் மாதிரி பிடித்து, அதற்குள் அவனை உட்கார வைத்து, அத்தை முறைக்காரி நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் புதுப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு அந்தப் புது ஆள் தன் பெண்டாட்டிக்கே புதுசாகத் தாலி கட்ட வேண்டும். பழைய பேரை அதோடு யாரும் சொல்லக் கூடாது. உன் பெரிய சாமி உனக்குச் செய்யப்போவதை எனக்கு எங்கள் பெரியதனக்காரர் செய்ய இருந்தார். வித்தியாசம் ஒன்றுதான். எனக்குச் செத்த பிறகு வீட்டுக்கு வர வழி வைத்தார்கள்.

எனக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பழையவன் கடலிலேயே போய்விட்டான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஈரப் புடவைக்குள் உட்கார்ந்தேன். என் அத்தை அழுதுகொண்டே, "டேய், தொட்டில நனைச்சிடாதடா, நாலு கெயவிங்கோ தூக்கினு நிக்கிறோம்" என்று சொல்ல, எல்லோரும் அழுகையும் சிரிப்புமாக நின்றார்கள். அந்த நேரத்தில் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை, எலும்பும் தோலுமாக இருந்தாள். அத்தை குனிந்து என் காதில் பெயர் சொல்ல வாய் வைத்தாள்.

"நிறுத்து பெரிம்மா" என்றாள் உன் அம்மா. "எனுக்குப் புதுசா யாரும் வேணாம்."

பெரியதனக்காரர் பதறிப்போனார். "இன்னாம்மா பேசுற? நல்லா பாரு, உன் புருசன்தான் இது."

"என் புருசன்னா அவன் பேர்லயே வரட்டும். அவன்கிட்ட எனுக்கு ஒரு பேச்சு கீது. நேத்து பொறந்தவன்கிட்ட அத நான் எப்டிக் கேக்கறது?"

சொல்லிவிட்டு என் பெயரைச் சொன்னாள். வாய்விட்டு, குப்பத்துக்கே கேட்கிற மாதிரி. அந்தக் காலத்தில் எங்கள் பொம்பிளைகள் புருஷன் பேரை வாயில் எடுக்க மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்ல வைப்பார்கள். அன்றைக்குத்தான் அவள் வாயிலிருந்து என் பெயரை நான் முதல் முறையாகக் கேட்டேன். நான் புடவைக்குள்ளிருந்து எழுந்து நின்றேன்.

"அன்னிக்குக் காலைல போய்த் தொலன்னு சொன்னனே, காதுல வுழுந்துதா?"

"வுழுந்துது."

"அத மனசுல வச்சினுதான் இத்தினி நாளு வராத இருந்தியா?"

"இல்ல. மனசுன்னே ஒண்ணு இல்லாத கெடந்தன். நல்லாத்தான் இருந்தன். உன் நெனப்பு வர்ல."

பக்கத்தில் நின்றவர்கள் பல்லைக் கடித்தார்கள், இப்படியா சொல்வான் ஒருத்தன் என்று. அவள் தலையாட்டினாள். "என் தம்பி?"

சொன்னேன். கை மேலே வந்ததையும் போனதையும், நான் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அத்தை பிறகு சொன்னாள், இரண்டு வைக்கோல் உருவத்தைக் கொளுத்தினபோதும் தாலி அறுத்தபோதும் உன் அம்மா ஒரு சொட்டு விடவில்லையாம். கல்நெஞ்சுக்காரி என்று ஊரே பேசியிருக்கிறது. என் வாயால்தான் தொலைந்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள் எதை வைத்து அழுவாள்? அழுவதற்கே அவளுக்கு நான் வேண்டியிருந்தேன். மொட்டையடித்த புது ஆள் இல்லை. அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனானே, அவன். பெரியதனக்காரர், "பேரு அப்டியே கெடக்கட்டும், தாலிய மட்டும் கட்டுடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். முழிப்பதற்கு முன்னால் இருந்தது கனவு என்கிறாய். கடலில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, சத்தியமாக. ஆனால் கரையில் நின்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் யார்? முழித்தவன்தான் சொன்னான். ஆனால் கனவு என்கிறாயே, அதில் இருந்தவனின் காதைக் கொண்டுதான் சொன்னான். அவர்கள் இரண்டு பேர் இல்லை, வேலு. எனக்குக் கடலில் வந்தது அதற்கப்புறமும் என்னை விட்டுப் போகவில்லை. வலை இழுக்கும்போது, டீ குடிக்கும்போது, உன் அம்மா குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, அந்தப் பேச்சு நின்று போகும். எல்லாம் ஒன்றாகத் தெரியும். வெளியில் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அது ஒருநாளும் என்னிடம் இந்த வலை இல்லை, இவள் இல்லை என்று சொன்னதில்லை. இல்லை என்று சொன்னது நான். கொஞ்சம் தெரிந்துகொண்டதும் அவசரப்பட்டு நானாகச் சேர்த்துக்கொண்டது அது. நீயும் சேர்த்துக்கொண்டிருக்கிறாய் என்று பயப்படுகிறேன்.

இன்னொன்று. நீ பிறந்த தெருவைக் கடல் தின்றுவிட்டது. நான் மறுபடியும் தாலி கட்டின இடம், வைக்கோல் எரிந்த இடம், நீ தவழ்ந்த வாசல், எல்லாம் தண்ணீருக்குள். கரையில் இப்போது பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கண்டெய்னர் லாரிகள் அதை ஒட்டி எண்ணூர் வரைக்கும் வரிசையில் நிற்கின்றன. அந்த டிரைவர்களிடம் போய் இங்கே ஒரு தெரு இருந்தது என்று சொன்னால் நம்புவார்களா? கண்ணுக்குத் தெரியாததால் அது இருந்ததில்லை என்று ஆகிவிடுமா? உன் அம்மா அந்தத் தெருவில் வாழ்ந்தாள், இந்த வாரிய வீட்டில் செத்தாள். கடைசி மாதத்தில் அவளைத் தூக்கி உட்கார வைத்தது நீ. கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தது நீ. மயானத்தில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டது நீ. அவள் நீ முழித்துக்கொள்வதற்கு முன்னாலேயே போய்விட்டாள். நீ கனவு என்று தள்ளுகிற அந்த வருஷங்களில் மட்டும்தான் அவள் இருந்தாள். அதைப் பொய் என்று எழுதிவிட்டால் அவளை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறாய்? எனக்கு இதற்கு மட்டும் பதில் தெரிய வேண்டும். பெரிய சாமியைக் கேட்டுச் சொன்னாலும் சரி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சம்மதம் இல்லை என்று எழுது என்றேன். மலர் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்டி எழுத சொல்லாதீங்க மாமா."

"ஏம்மா? அவன் போவட்டும்னா சொல்ற?"

"நீங்க வேணாம்னா அவரு நின்னுடுவாரு. நின்னு, உங்களாலதான் நிக்கிறேன்னு செவுத்தப் பாத்து உக்காந்துனு இருப்பாரு. அந்த மாதிரி ஒருத்தர வச்சினு நான் இன்னா பண்றது? பாப்பாதான் இன்னா பண்ணும்?"

"அப்ப சரின்னு சொல்லட்டா?"

"சரின்னா செத்துட்டாருன்னு ஆயிடும். உசுரோட கீற ஆளுக்கு நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்?"

"ரெண்டும் இல்லன்னா நான் இன்னாதாம்மா சொல்றது?"

பேனாவை மறுபடியும் கையில் எடுத்தாள். பிறகு, "எங்கிட்ட அவரு போன்லதான் கேட்டாரு. மூஞ்சப் பாத்துக் கேக்கல. நானும் அதனாலதான் உங்க மேல போட்டேன்" என்றாள். இதை எழுத வேண்டாம் என்றாள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஆக, என் பதில் இது. போவதற்குச் சரி. சாவதற்கு இல்லை. நீ மலையடிவாரத்தில் உட்காரு, அண்டா தேய், மொட்டை போட்டுக்கொள், காவி கட்டிக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை. உனக்குத் தெரிந்தது பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலு செத்தான் என்று தண்ணீரில் முழுக நான் வாய் திறக்க மாட்டேன். பாப்பாவை யாராவது அப்பா எங்கே என்று கேட்டால், மடத்தில் இருக்கிறார் என்று அது சொல்லட்டும். இல்லை என்று சொல்ல வேண்டாம். உயிரோடு இருக்கிற ஆளைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று மடத்தில் சொன்னால் அது உனக்கும் அவர்களுக்கும் உள்ள பேச்சு. என் காலத்துக்குப் பிறகு எனக்கு யார் செய்வது என்றும் கவலைப்படாதே, அதை ஊரே ஒருமுறை செய்து முடித்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பௌர்ணமிக்கு முன்னால் ஒரு நாள் வா. என்னிடம் கேட்டதை, மலர் முகத்தைப் பார்த்துக் கேள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, அவளும் சொல்ல மறுக்கிறாள். திட்டலாம், அழலாம், போ என்று சிரித்துக்கொண்டே அனுப்பலாம். பாப்பாவும் பக்கத்தில் நிற்கட்டும், அதற்கும் ஏதாவது கேட்க இருக்கும். அவர்கள் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீ அந்த இடத்தை விட்டு நகராதே. கனவு என்று சொல்லாதே. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். கேட்டு முடித்த பிறகும் உனக்குப் போகத் தோன்றினால், நானே உன்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வருகிறேன்.

உன் நைனா